இங்கிலாந்தின் சாப்பாட்டைக் கெடுத்தது கிராம்வெல்லா?

1660 பிப்ரவரி 11, சனிக்கிழமை இரவு. லண்டன் தெருக்களில் எங்கு பார்த்தாலும் தீ மூட்டியிருந்தார்கள். ஸ்ட்ராண்ட் பாலத்தருகே நின்று எண்ணிப் பார்த்த சாமுவேல் பீப்ஸ் என்ற 26 வயது எழுத்தருக்கு ஒரே பார்வையில் 31 தீ தெரிந்தது. லட்கேட் குன்றில், கம்பியில் கட்டிய மாட்டுப் பின்தொடைக் கறியை ஒருவர் சுழற்ற, இன்னொருவர் அதன்மேல் கொழுப்பை ஊற்றிக்கொண்டிருந்தார். ஸ்ட்ராண்டில் கசாப்புக் கடைக்காரர்கள் கத்தியோடு கத்தியைத் தட்டி மணியோசைபோல் தாளம் எழுப்பினார்கள். இதையெல்லாம் பீப்ஸ் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார்.

அந்தக் கறித்துண்டுக்கு ஆங்கிலத்தில் 'ரம்ப்' என்று பெயர். மன்னர் இல்லாமல் இங்கிலாந்தை ஆண்ட நாடாளுமன்றத்துக்கு மக்கள் வைத்த பட்டப்பெயரும் அதுவே. 1648 டிசம்பரில் ராணுவம் தனக்கு ஒத்துவராத உறுப்பினர்களை வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பியது. மிச்சம் உள்ளே இருந்தவர்கள் வெறும் வால்பகுதி என்பது அந்தப் பெயரின் பொருள். இனி இந்த நாடாளுமன்றம் இப்படியே நீடிக்க முடியாது என்று தளபதி ஜார்ஜ் மாங்க் கடிதம் எழுதிய அன்றைக்கு, ஊரே சேர்ந்து அந்தப் பெயரை நெருப்பில் வாட்டியது. மே 29 அன்று, தலை வெட்டப்பட்ட மன்னரின் மகன் இரண்டாம் சார்லஸ் லண்டனுக்குள் நுழைந்தார். குடியரசு முடிந்தது.

1649இல் முதலாம் சார்லஸ் மன்னரின் தலையை வெட்டியதிலிருந்து எண்ணினால், இங்கிலாந்து குடியரசாக இருந்தது மொத்தமே 11 ஆண்டுகள். அந்த 11 ஆண்டுகளின் மேல் ஒரு குற்றச்சாட்டு இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது: ஆங்கிலேயர் சமையல் உப்புச்சப்பில்லாமல் போனதற்கு மன்னரை வீழ்த்திய நாடாளுமன்றப் படையின் தளபதியாக இருந்து பிறகு நாட்டையே ஆண்ட ஆலிவர் கிராம்வெல்லும் அவருடைய பியூரிட்டன் கூட்டமும்தான் காரணம் என்பது. பியூரிட்டன்கள் என்றால், திருச்சபையில் மிச்சமிருந்த சடங்கு, ஆடம்பரம் எல்லாவற்றையும் களையவேண்டும் என்று நின்ற கறாரான சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள். கேளிக்கை வேண்டாம் என்றவர்கள் ருசியையும் வேண்டாம் என்றிருப்பார்கள், அன்று செத்த நாக்கு பிறகு எழவே இல்லை என்று கதை போகிறது. கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆதாரங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இதில் பெரும்பகுதி தோற்றவர்கள் மேல் ஜெயித்தவர்கள் ஒட்டிய சுவரொட்டி என்பது என் முடிவு.

ஆங்கிலேயர் சாப்பாட்டின் கெட்ட பெயர் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 2005 ஜூலை தொடக்கத்தில் ரஷ்யாவின் கலினின்கிராடில், புதினும் ஜெர்மானியத் தலைவர் ஷ்ரோடரும் பக்கத்தில் இருக்க, பிரெஞ்சு அதிபர் ஜாக் சிராக் சொன்ன சொல் பத்திரிகையில் வெளியானது: இவ்வளவு மோசமாகச் சமைக்கிறவர்களை நம்ப முடியாது. பின்லாந்துக்கு அடுத்தபடி மோசமான சாப்பாடு அங்கேதான் என்றும் சேர்த்துக்கொண்டார். சில நாளில் சிங்கப்பூரில் 2012 ஒலிம்பிக் எந்த நகருக்கு என்ற வாக்கெடுப்பு நடந்தது. லண்டன் 54, பாரிஸ் 50. வாக்களிக்கும் குழுவில் பின்லாந்துக்காரர்கள் இருவர் இருந்தார்கள். அந்தச் சொல்லால்தான் பாரிஸ் தோற்றது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் ஒரு நாட்டின் அதிபர் இன்னொரு நாட்டைக் குத்திக்காட்ட அடுப்பங்கரையைத் தேர்ந்தெடுத்தார் என்பதைக் கவனிக்கவேண்டும். 1660க்குப் பிறகு இங்கிலாந்தின் மன்னர் கட்சி குடியரசுக்காரர்களுக்குச் செய்ததும் இதையேதான்.

முதலில் கிறிஸ்துமஸ் விவகாரத்தைப் பார்த்துவிடலாம். 1644இல் டிசம்பர் 25 ஒரு புதன்கிழமையில் வந்தது. மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போருக்காக ஒவ்வொரு மாதமும் கடைசிப் புதனை நாடாளுமன்றம் விரத நாளாக வைத்திருந்தது. விருந்தா, விரதமா? விரதம்தான் என்று உத்தரவு போனது. 1647 ஜூனில் கிறிஸ்துமஸ், ஈஸ்டர், விட்சன் (பெந்தெகொஸ்தே) ஆகிய திருநாள்களையே ரத்து செய்தார்கள். அந்த டிசம்பரில் கேன்டர்பரியில் மேயர் கடைகளைத் திறக்கச் சொன்னபோது, திறந்த கடைகளைக் கூட்டம் சூறையாடியது. கதவுகளில் ஹாலி இலைக் கொத்துகளைத் தொங்கவிட்டார்கள், தெருவில் கால்பந்து உருட்டினார்கள். கிறிஸ்துமஸ் பலகாரத்தின் பெயரால் பிளம் புட்டிங் கலகம் என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. கென்ட் பகுதி முழுக்கப் பரவிய அந்தக் கோபம் அடுத்த ஆண்டின் இரண்டாம் உள்நாட்டுப் போருக்கும் ஒரு திரியானது.

தடை உண்மை, அது மக்களுக்குக் கசந்ததும் உண்மை. ஆனால் தடுக்கப்பட்டது திருநாளே தவிர பலகாரம் இல்லை. கிறிஸ்துமஸ் அன்று மின்ஸ் பை என்ற பலகாரத்தைச் சாப்பிடுவது இங்கிலாந்தில் இன்னும் சட்டவிரோதம், அது கிராம்வெல் போட்ட சட்டம் என்று ஆண்டுதோறும் யாராவது எழுதுகிறார்கள். மின்ஸ் பை என்ற பெயர் அந்த எந்தச் சட்டத்திலும் இல்லை. அவை நிறைவேறியபோது கிராம்வெல் ஆட்சித் தலைவரும் இல்லை. அவர் 'காவலர்' (லார்ட் புரொடெக்டர்) என்ற பெயரில் ஆட்சித் தலைமை ஏற்றது 1653 டிசம்பரில். அதற்குப் பின்னும் தடை தொடர்ந்தது என்பதையும் சொல்லவேண்டும். 1657 கிறிஸ்துமஸ் அன்று ஸ்ட்ராண்டில் ஒரு சிற்றாலயத்தில் நற்கருணை வாங்க முழந்தாளிட்டிருந்தவர்கள் மேல் சிப்பாய்கள் துப்பாக்கியை நீட்டியதை, அங்கே பிடிபட்ட ஜான் ஈவ்லின் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். அதே ஆண்டு நவம்பரில் கிராம்வெல்லின் மகள் பிரான்சிஸுக்குக் கல்யாணம். 48 வயலின்கள், விடிய விடிய நடனம். சங்கீதமே பிடிக்காத சிடுமூஞ்சி என்ற படத்துக்கு இது ஒத்துவராது.

அந்தப் படத்தை வரைந்தவர்கள் யார் என்று தேடினால் சமையல் புத்தகங்களில் போய் நிற்கிறோம். இந்த வரலாற்றில் என்னை மிகவும் இழுத்த பகுதி இதுதான்.

1645இல் நேஸ்பி போரில் முதலாம் சார்லஸ் மன்னரின் கடிதப் பெட்டி நாடாளுமன்றப் படையிடம் சிக்கியது. உள்ளே இருந்தவை ராணி ஹென்ரியேட்டா மரியாவோடு அவர் பரிமாறிக்கொண்ட கடிதங்கள். மன்னர் அந்நிய கத்தோலிக்கப் படைகளை வரவழைக்கப் பார்க்கிறார், மனைவி சொல்லை மீறமாட்டேன் என்கிறார் என்று காட்ட, நாடாளுமன்றம் அவற்றை 'மன்னரின் பெட்டி திறக்கப்பட்டது' என்ற தலைப்பில் அச்சிட்டு ஊரெங்கும் விற்றது. பத்தாண்டு கழித்து, 1655இல், மன்னர் தலை போய், ராணி பிரான்சில் அகதியாக இருந்த காலத்தில், லண்டனில் ஒரு சமையல், மருந்துக் குறிப்புப் புத்தகம் வந்தது. தலைப்பு: 'ராணியின் அறை திறக்கப்பட்டது'. வாங்கியவர்களுக்கு உடனே புரிந்திருக்கும். நீங்கள் திறந்து காட்டியது சதிகாரி. நாங்கள் திறந்து காட்டுவது ஜாம் காய்ச்சுகிற, நோயாளிக்குக் கஷாயம் போட்டுக் கொடுக்கிற குடும்பத் தலைவி. குடியரசின் மூக்குக்கு முன்னாலேயே புத்தகம் விற்றது, திரும்பத் திரும்ப அச்சானது.

1660இல் மன்னராட்சி திரும்பிய கையோடு ராபர்ட் மே என்ற சமையல்காரரின் பெரிய புத்தகம் வெளிவந்தது. 1588இல் பிறந்தவர், எழுபதைத் தாண்டியவர், மன்னர் கட்சிப் பிரபுக்களின் வீடுகளில் கரண்டி பிடித்தவர். பழைய நல்ல காலத்தில் விருந்து எப்படி இருந்தது என்று அவர் தொடக்கத்தில் விவரிக்கிறார். அட்டையால் கப்பல், அதில் நிஜ வெடிமருந்து நிரப்பிய குட்டிப் பீரங்கிகள். பக்கத்தில் மாவால் செய்த கலைமான், விலாவில் ஓர் அம்பு. பெண்களில் ஒருவர் அம்பை உருவினால் ரத்தம்போல் சிவப்பு ஒயின் வழியும். பீரங்கி வெடித்த மருந்து நெடி போக, பன்னீர் அடைத்த முட்டை ஓடுகளை எடுத்து ஒருவர்மேல் ஒருவர் வீசுவார்கள். கடைசியில் 'பை' என்ற மாவுப் பலகாரம் இரண்டின் மூடியைத் திறந்தால் ஒன்றிலிருந்து உயிருள்ள தவளைகள் குதிக்கும், மற்றதிலிருந்து பறவைகள் கிளம்பி விளக்குகளை அணைக்கும். நல்ல விருந்தோம்பல் இங்கிலாந்தைவிட்டுப் போவதற்கு முன் இதெல்லாம் இருந்தது என்கிறார் மே. விரட்டியவர்கள் யார் என்று அவர் சொல்லவேண்டிய அவசியமே இல்லை.

1664இல் வந்தது இன்னும் கடுமையானது. கிராம்வெல் இறந்து ஆறு ஆண்டு ஆகியிருந்தது. அவர் பிணத்தைத் தோண்டி எடுத்துத் தூக்கில் தொங்கவிட்டு, தலையை வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தின் மேல் குத்தி வைத்திருந்தார்கள். மிச்சமிருந்தவர் அவர் மனைவி எலிசபெத், மருமகன் வீட்டில் ஒதுங்கி வாழ்ந்த வயதான விதவை. அவருடைய அரண்மனையும் அடுப்பங்கரையும் என்று சொல்லி ஒரு புத்தகம் போட்டார்கள். தலைப்பில் அவரை 'ஜோன்' என்று அழைத்தார்கள். வேலைக்காரப் பெண்களுக்கும் பட்டிக்காட்டுப் பெண்களுக்கும் சொல்லும் பெயர் அது. எலிசபெத் லண்டன் தோல் வியாபாரி ஒருவரின் மகள், வசதியான வீட்டில் பிறந்தவர். அதையெல்லாம் யார் பார்த்தார்கள்?

அதில் ஒரு சம்பவம். கிராம்வெல் சாப்பிட உட்காருகிறார். வாட்டிய கன்றுக்கறி வருகிறது. தொட்டுக்கொள்ள ஆரஞ்சுச் சாறு எங்கே என்று கேட்கிறார். ஸ்பெயினோடு போர் நடப்பதால் ஆரஞ்சு வரத்து நின்றிருந்த நேரம். மனைவி சொல்கிறார்: ஆரஞ்சு இப்போது ஆரஞ்சாகவா இருக்கிறது, புளித்த காய்க்குக்கூட நாலு பென்ஸ் கேட்கிறான், அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மன்னர் பூங்காவில் மாடு கட்டினார், அரண்மனையில் வெண்ணெய் கடைந்தார் என்று இன்னும் நிறையப் புகார்கள். விலை விசாரித்துக் காய் வாங்கும் எந்த வீட்டிலும் பாராட்டப்படுகிற குணம் இங்கே கேலிக்குரியதாகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், கதைகளுக்குப் பின்னால் கொடுத்திருக்கும் சமையல் குறிப்புகள் எல்லாம் அந்தக் காலத்து வசதியான வீடுகளில் வழக்கமாகச் செய்யும் நல்ல பதார்த்தங்களே. எலிசபெத் காலையில் விரும்பிச் சாப்பிட்டதாகச் சொல்லும் எலும்பு மஜ்ஜை புட்டிங்கை யாரும் விரதச் சாப்பாடு என்று சொல்லமாட்டார்கள். எலிசபெத் அடுத்த ஆண்டு, 1665இல் காலமானார்.

'குடியரசு என்றால் கஞ்சத்தனம், மன்னராட்சி என்றால் விருந்து' என்ற சமன்பாடு இப்படித்தான் அச்சேறியது.

உண்மையில் குடியரசுக் காலத்து லண்டனின் நாக்கு எங்கே போய்க்கொண்டிருந்தது? 1652இல் கார்ன்ஹில் பக்கத்துச் சந்து ஒன்றில் பாஸ்குவா ரோஸே என்பவர் லண்டனின் முதல் காபிக்கடையைத் திறந்தார். 1653இல் பிரான்சின் புதிய சமையல் முறையைச் சொன்ன லா வரேன் என்ற சமையல்காரரின் புத்தகம் ஆங்கிலத்தில் வந்தது. மூலம் வெளியாகி இரண்டே ஆண்டுதான் ஆகியிருந்தது. 1657இல் சாக்லெட் பானத்துக்கு விளம்பரம். 1658 செப்டம்பரில், கிராம்வெல் கண்மூடிய அதே மாதத்தில், அரசுச் செய்தித்தாளில் தேயிலைக்கு விளம்பரம். 1655இல் ஜமைக்காவைப் பிடித்ததும் குடியரசின் கடற்படை. அங்கிருந்து பின்னாளில் கப்பல் கப்பலாக வந்த சர்க்கரைக்கு ஆப்பிரிக்க அடிமைகள் கொடுத்த விலையையும் சேர்த்தே இந்தக் கணக்கை எழுதவேண்டும். ஆங்கிலேயர் என்றதும் நினைவுக்கு வரும் சர்க்கரை போட்ட தேநீர்க் கோப்பைக்கு இந்தப் பத்தாண்டில்தான் சாமான் சேர்ந்தது.

காபிக்கடையும் குடியரசு அரசியலும் கலந்த ஓர் இடத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கவேண்டும். வெஸ்ட்மின்ஸ்டரில் மைல்ஸ் என்பவரின் காபிக்கடை. 1659 இலையுதிர் காலத்திலிருந்து தினமும் இரவில் அங்கே ஒரு கூட்டம் கூடும். நடுவில் நீள்வட்ட மேசை. அதன் மத்தியில் வழி விட்டிருந்தார்கள், மைல்ஸ் உள்ளே நின்றபடியே எல்லோருக்கும் காபி நீட்ட வசதியாக. சுற்றி உட்கார்ந்தவர்கள் ஆட்சி முறையைப் பற்றி வாதம் செய்வார்கள், முடிவில் பெட்டியில் வாக்குப் போடுவார்கள். ரோட்டா என்று அந்தக் குழுவுக்குப் பெயர். 'ரம்ப்' வாட்டியதை எழுதிய அதே பீப்ஸும் 1660 ஜனவரியில் 18 பென்ஸ் கட்டி அதில் சேர்ந்தார். குழுவின் மூளை ஜேம்ஸ் ஹாரிங்டன். சிறையிருந்த முதலாம் சார்லஸுக்குப் பணிவிடை செய்தவர், மன்னர்மேல் பாசம் வைத்தவர், ஆனாலும் சிந்தனையில் முழுக் குடியரசுவாதி.

1656இல் வந்த தன் 'ஓஷியானா'வில் அவர் ஒரு கேக்கை வைத்து அரசியல் சட்டத்தையே விளக்கினார். இரண்டு சிறுமிகளுக்கு நடுவே ஒரு கேக். எப்படிப் பங்குபோடுவது? ஒருத்தி மற்றவளிடம் சொல்கிறாள்: நீ வெட்டு, நான் எடுத்துக்கொள்கிறேன்; இல்லாவிட்டால் நான் வெட்டுகிறேன், நீ எடுத்துக்கொள். வெட்டுகிறவள் சமமாக வெட்டாவிட்டால் நஷ்டம் அவளுக்கே. அண்ணன் தம்பி உள்ள எந்த வீட்டிலும் நடக்கிற சமாச்சாரம்தான். ஹாரிங்டன் அதிலிருந்து இரண்டு சபைகளை எடுத்தார்: ஒரு சபை ஆராய்ந்து முன்மொழிய வேண்டும், இன்னொரு சபை முடிவெடுக்க வேண்டும், வெட்டுவதும் எடுப்பதும் ஒரே கையில் இருக்கக்கூடாது. நூறாண்டுக்குப் பிறகு அமெரிக்காவில் அரசியல் சட்டம் யோசித்தவர்கள் அவரைப் படித்தார்கள். சாப்பாட்டில் இவர்களுக்கு அக்கறையே இல்லை என்கிறவர்களுக்கு நான் இந்தக் கேக்கைத்தான் காட்டுவேன்.

கேக் கிடைக்காதவர்களின் குடியரசும் ஒன்று இருந்தது. மன்னர் தலை விழுந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அறுவடை அடுத்தடுத்துப் பொய்த்து ரொட்டி விலை ஏறிக்கிடந்தது. 1649 ஏப்ரல் 1 அன்று சர்ரேயில் செயின்ட் ஜார்ஜ் குன்றுப் பொது நிலத்தில் ஜெரார்டு வின்ஸ்டன்லியும் இன்னும் சிலரும் மண்ணைக் கொத்தி கேரட், பார்ஸ்னிப் கிழங்கு, பீன்ஸ் விதைத்தார்கள். பூமி எல்லோருக்கும் பொதுச் சொத்து, மன்னரை எடுத்துவிட்டு ஜமீனை வைத்துக்கொண்டால் என்ன விடுதலை என்பது அவர்கள் கேள்வி. ஓராண்டில் அடித்து விரட்டினார்கள். இன்று அந்தக் குன்றில் காவலாளி நிற்கும் கதவுக்குள் பெரும் பணக்காரர்களின் மாளிகைகள் இருக்கின்றன.

சாதாரண ஜனங்களுக்குக் குடியரசுமேல் இருந்த நியாயமான சாப்பாட்டுக் கோபம் வரியால் வந்தது. போர்ச் செலவுக்காக 1643இல் பியர்மேல் கலால் வரி போட்ட நாடாளுமன்றம், பிறகு இறைச்சியையும் உப்பையும் சேர்த்தது. 1647இல் லண்டன் ஸ்மித்ஃபீல்டு மாட்டுச் சந்தையில் வரி அலுவலகத்தையே கூட்டம் கொளுத்திய பிறகு இறைச்சி வரி வாபஸானது. பியர் வரி நிலைத்துவிட்டது. 1660இல் திரும்பி வந்த மன்னரும் அதை விடவில்லை.

சரி, குடியரசுக்கும் ஆங்கிலச் சமையலுக்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன், வேறு வழியில். பிரான்சில் உயர்ந்த சமையல் அரசவையைச் சுற்றி வளர்ந்தது. பதினான்காம் லூயி பிரபுக்களை எல்லாம் வெர்சாயில் கட்டிப்போட்டார். அங்கே மேசைதான் அந்தஸ்து, சமையல்காரர்தான் போட்டி. இங்கிலாந்தில் 1649இலும், மறுபடி ஒரு மன்னரை விரட்டிய 1688இலும் அடிவாங்கிய அரசவை அந்த இடத்துக்கு வரவே இல்லை. பிரபுக்கள் பெரும்பாலும் தங்கள் கிராமத்துப் பண்ணை வீடுகளில் இருந்தார்கள். சொந்த மாட்டை, சொந்தத் தோட்டத்துப் பழத்தைச் சாப்பிட்டார்கள். பிரான்சில் சமையல் புத்தகம் எழுதியவர்கள் பிரபுக்களின் ஆண் சமையல்காரர்கள் என்றால், இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டில் ஹன்னா கிளாஸ் போன்ற பெண்கள் வீட்டுப் பெண்களுக்காக எழுதினார்கள். 1747இல் வந்த அவர் புத்தகத்தில் பிரெஞ்சு சமையல்காரர்களின் ஊதாரித்தனத்துக்கு நல்ல சூடு இருக்கிறது. மசாலாவும் சாறும் போட்டு மறைக்காத நல்ல கறி, அதுவே ஆங்கிலேயன் சுதந்திரத்துக்கு அடையாளம் என்று அப்போது பாட்டும் ஓவியமும் வந்தன. எளிமை அங்கே அரசியலானது. இல்லாமையால் வந்த எளிமை இல்லை அது.

அப்போது சாப்பாடு மோசமாகவும் இல்லை. குடியரசு முடிந்து முப்பது, நாற்பதாண்டு கழித்து, 1690களில், இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்த மிஸ்ஸோன் என்ற பிரெஞ்சுக்காரர், புட்டிங்கைக் கண்டுபிடித்தவன் வாழ்க என்று உருகி எழுதினார். சிராக் படித்திருக்கலாம்.

கெடுத்தது எது என்று கேட்டால், 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டிலும் தேடவேண்டும். இரண்டிலும் சிம்மாசனத்தில் மன்னரோ ராணியோ இருந்தார்கள். 1604 முதல் 1914 வரை 5,200க்கும் மேற்பட்ட சட்டங்கள் போட்டு சுமார் 68 லட்சம் ஏக்கர் பொது நிலத்தை வேலியடைத்துத் தனிச் சொத்தாக்கினார்கள். அது இங்கிலாந்தின் ஐந்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் மேல். கீரையும் கோழியும் ஒரு பசுவும் வைத்திருந்த குடியானவன் நிலமிழந்து மில்லுக்குப் போனான். 1851 கணக்கெடுப்பில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் நகரவாசிகள். தாயிடமிருந்து மகளுக்குப் போகவேண்டிய கைப்பக்குவம், அடுப்பும் நேரமும் இல்லாத வாடகை அறையில் அறுந்துபோனது. 1850களில் மருத்துவர் ஆர்தர் ஹசால் லண்டன் கடைகளில் உணவு வாங்கி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, ரொட்டியில் படிகாரம் கலந்திருந்தது. 1858இல் பிராட்ஃபோர்டில் மிட்டாயில் தவறுதலாக ஆர்சனிக் கலந்து சுமார் இருபது பேர் செத்தார்கள்.

அதன் மேல் இரண்டாம் உலகப் போர். 1940 ஜனவரி 8இல் தொடங்கிய பங்கீடு, 1954 ஜூலை 4 அன்று இறைச்சிக் கட்டுப்பாடு நீங்கியதோடுதான் முடிந்தது. பதினாலரை ஆண்டு. ஒருவருக்கு வாரத்துக்குப் பொதுவாக 2 அவுன்ஸ் வெண்ணெய், 2 அவுன்ஸ் சீஸ், 2 அவுன்ஸ் தேயிலை, ஒரு முட்டை. ஒரு தீப்பெட்டியை எடுத்துப் பாருங்கள், வாரத்துச் சீஸ் அதைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருக்கும். போர்க்காலத்தில்கூடப் பங்கீட்டில் வராத ரொட்டி, போர் முடிந்த பிறகு 1946இல் பங்கீட்டில் வந்தது. கப்பல்கள் குறைந்திருந்த நேரத்தில் எல்லோருக்கும் சமமாகப் போய்ச்சேர வேண்டும் என்று செய்த ஏற்பாடு இது. ஏழைப் பிள்ளைகளுக்கு முன்பைவிட நல்ல சத்து கிடைத்தது, யாரும் பட்டினியால் சாகவில்லை. அதைச் சாதித்த அரசை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் 1940இல் ஐந்து வயதாயிருந்த பிள்ளைக்கு வெண்ணெய் தாராளமாகக் கிடைத்தபோது வயது பத்தொன்பது. எந்த ருசியோடு வளர்ந்திருக்கும்? போருக்குப் பின் வந்த வெளிநாட்டுப் பயணிகளும் அந்தச் சாப்பாட்டைத்தான் சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போய்ச் சொன்னார்கள்.

அரசுக்கே அது கூச்சமாக இருந்திருக்கிறது. ஆங்கிலச் சமையலைப் பற்றி எழுதித் தருமாறு 1946இல் நாட்டின் பண்பாட்டை வெளியுலகுக்குக் கொண்டுபோகும் பிரிட்டிஷ் கவுன்சில், எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெலைக் கேட்டது. அவரும் எழுதினார். பஞ்ச நேரத்தில் ஐரோப்பியர் கையில் இதைக் கொடுப்பது சரிப்படாது என்று வெளியிடாமல் வைத்துவிட்டது. 2019இல்தான் வருத்தம் தெரிவித்து வெளியிட்டது.

தலைவர்கள் சாப்பாட்டை அரசியல் மேடைக்குக் கொண்டுவருவது இன்றும் நிற்கவில்லை. 2001 ஏப்ரலில் பிரிட்டன் வெளியுறவு அமைச்சர் ராபின் குக், சிக்கன் டிக்கா மசாலா உண்மையான பிரிட்டிஷ் தேசிய உணவு என்றார். வந்தேறிகளின் சமையலை நாட்டின் அடையாளமாகச் சொல்லும் துணிச்சல் அதில் இருந்தது. அந்தக் கலப்பு நேற்று வந்ததும் இல்லை: கிளாஸின் 1747 புத்தகத்திலேயே இந்திய முறை 'கறி' இருக்கிறது, நம் சொல்லோடு. மிளகுத் தண்ணீர் 'மல்லிகடானி'யாகி அவர்கள் சூப் வரிசையில் உட்கார்ந்துவிட்டது.

குடியரசும் சாப்பாடும் ஒரே தலைவரிடம் மறுபடி சேர்ந்தது லிஸ் டிரஸ் கதையில். 1994இல் பிரைட்டனில் நடந்த லிபரல் டெமாக்ரட் மாநாட்டில், ஆள்வதற்கென்று யாரும் பிறப்பதில்லை, மன்னராட்சி வேண்டாம் என்று பேசிய 19 வயது மாணவி அவர். பிறகு கட்சி மாறினார், கருத்தும் மாறினார். 2014இல் உணவுத் துறையும் சேர்ந்த அமைச்சகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கன்சர்வேட்டிவ் மாநாட்டில், நாம் சாப்பிடும் சீஸில் மூன்றில் இரண்டு பங்கு இறக்குமதி, இது அவமானம் என்று முகத்தை இறுக்கிச் சொன்னது நாடெங்கும் சிரிப்பாய்ச் சிரித்தது. 2022 செப்டம்பர் 6 அன்று பிரதமரானார். இரண்டு நாளில் ராணி காலமாகி, புதிய மன்னரின் முதல் பிரதமர் என்ற இடம் ஒரு காலத்துக் குடியரசுவாதிக்குக் கிடைத்தது. ஒரு பத்திரிகை ஐஸ்பெர்க் லெட்டூஸ் என்ற கீரையைக் கேமரா முன் வைத்து, இது வாடுவதற்குள் இவர் போய்விடுவார் என்று ஒளிபரப்பியது. அக்டோபர் 20 அன்று ராஜினாமாவை அறிவித்தார், கீரை வாடவில்லை.

அந்தச் சீஸ் பேச்சுக்கு அடியில் இருந்த விஷயம் சிரிக்கக்கூடியதல்ல. போர்க்காலத்தில் பாலைச் சிக்கனப்படுத்த, சில கெட்டி வகைகளை மட்டும் செய்யலாம் என்று அரசு கட்டுப்படுத்தியது; மக்கள் அதை 'அரசாங்கச் செடார்' என்றார்கள். ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்த பண்ணைச் சீஸ் தயாரிப்பாளர்களில் போருக்குப் பின் மிஞ்சியவர்கள் மிகக் குறைவு. ஊருக்கு ஒரு வகையாக இருந்த சீஸ்கள் பெயரோடு போயின. 1979இல் லண்டன் காவன்ட் கார்டனில் தொடங்கிய நீல்ஸ் யார்டு டெய்ரி என்ற கடைக்காரர்கள் பின்னாளில் பண்ணை பண்ணையாக அலைந்து, விட்டுப்போகாமல் செய்துகொண்டிருந்தவர்களைத் தேடிப் பிடித்தார்கள். விற்கும்போது செய்தவரின் பெயரையும் சேர்த்துச் சொன்னார்கள். சாமர்செட்டில் இன்றும் சில குடும்பங்கள் செடாரைத் துணி சுற்றி, பன்றிக் கொழுப்பு தடவி, மர அடுக்கில் வைத்து ஓராண்டுக்குமேல் திருப்பித் திருப்பி வைக்கின்றன. அந்தத் துணியை உரித்தால் மேலே சாம்பல் நிறப் பூஞ்சை, உள்ளே மஞ்சள்.